கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே

இரண்டு கண்ணும் சரியாக உள்ளவர்கள்தான் நிலம் அளக்கப் போக வேண்டும் என்று எங்கள் எஞ்சினியர் ஒரு விதி வைத்திருந்தார். அளக்கும் கருவி மூன்று காலில் நிற்கும். அதில் கண் வைத்துப் பார்க்க இருந்தது ஒரே ஒரு துளை. அவர் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாதி முகத்தைக் கோணலாக்கி, வலது கண்ணால்தான் அதில் பார்ப்பார். எனக்கு இடது கண்ணை மூடுகிற அந்தச் சிரமம்கூட இல்லை. அந்தக் கண் ஒன்பது வயதிலேயே போய்விட்டது. ஆனாலும் அவர் வெயிலில் நின்று அளந்து வருவார். நான் மாடி அறையில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த எண்களைக் கோடாக்குவேன். பல நாள் எண்கள் தப்பாக இருக்கும். நான் திருத்துவேன். அவர் கையெழுத்துப் போடுவார்.

அறுபதுகளின் கடைசி அது. செக்காலையில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே இருந்தது அவருடைய அலுவலகம். நான் அங்கே வரைவாளன். தச்சுக் குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கோடு போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கண் போனதும் தச்சால்தான். அப்பா தேக்குக் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குனிந்தேன். ஒரு சிராய் தெறித்தது. அப்பாவைக் குற்றம் சொல்ல அதில் எதுவுமில்லை.

ஒரு கண் போனால் பாதி உலகம் மறையும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. உலகம் முழுசாகத்தான் இருக்கும். சுவரில் ஒட்டிய காலண்டர் படம் மாதிரி தட்டையாகப் போய்விடும். சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் தரையில் கொட்டும். ஆணியில் சட்டையை மாட்டப் போனால் ஆணிக்கு ஒரு சாண் முன்னாலேயே கை நின்றுவிடும். ஒரு மாதம் இப்படித் திண்டாடிய பிறகு நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டினால் போதும். கிட்ட இருப்பது சட்டென்று நகரும்; எட்ட இருப்பது சோம்பலாக நகரும். எது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தாலே எது எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என்னை ஓணான் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவன்கூட பஸ் ஜன்னலில் வெளியே பார்த்ததில்லையா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. ஒக்கூருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் சாலையோரக் கருவேலஞ்செடி பின்னால் பாய்ந்து ஓடும், வயல் வரப்பு நடந்து போகும், தூரத்துப் பனைமரம் நம்மோடு கூடவே வரும். இரண்டு கண் இருந்தும் அதைப் பார்க்காமல் முன் சீட்டுக்காரர் தலையைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்தான் என்னை ஊனமானவன் என்றார்கள்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன்.

கோவிலூர் போகும் சாலையில் ஓர் எண்ணெய் மில் இருந்தது. சாலைக்கும் மில் சுவருக்கும் நடுவே ஊருக்குப் பொதுவான ஒரு நீளத்துண்டு நிலம். என் அண்ணனும் இன்னும் நான்கு பேரும் அதில்தான் மரம் அறுத்தார்கள். ஆள் இறங்கி நிற்கிற மாதிரி ஒரு பள்ளம். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாள் இழுப்பார்கள். மரத்தூள் சாலைக்குப் பறக்காமல் ஓரத்தில் தென்னங்கிடுகு கட்டி மறைத்திருந்தார்கள். கிடுகுக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம்.

ஒரு மழையில் மில்லின் பழைய சுவர் பாதி சரிந்தது. மில்காரர் மீதியையும் இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பினார். அந்தச் சமயம் அண்ணன் ஆட்கள் ஐந்து பேரும் வெளியூரில் ஒரு வீட்டு வேலைக்கு இருபது நாள் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் பள்ளத்தைக் காணோம். மூடி, மண் கொட்டி, அதற்கும் இங்கிட்டு, சாலைப் பக்கமாகச் சுவர் எழும்பியிருந்தது. விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

அண்ணன் மில்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"எங்க பள்ளம் உள்ள போயிருச்சுங்களே" என்றார் அண்ணன்.

மில்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உள்ள போகலப்பா. அது எப்பவும் உள்ளதான் இருந்துச்சு. நீங்க என் இடத்துக்குள்ள வந்து அறுத்துக்கிட்டிருந்தீக. தொழில் செய்யிற ஆளுகன்னு நானும் விட்டிருந்தேன். பழைய சுவரும் அந்தக் கம்பத்தோட ஒட்டித்தான் இருந்துச்சு."

இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சாவகாசமாகச் சொன்னவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கருணைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள் என்கிற தோரணை. பதினைந்து வருஷம் தினமும் நின்று வேலை செய்த இடம் எங்கே இருந்தது என்று ஒருவனை நிரூபிக்கச் சொன்னால் அவன் என்ன சொல்வான்?

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கூடினார்கள். அந்தப் பக்கத்து எல்லைக் கல் ஒன்றுகூட மிச்சமில்லை; பழைய வரைபடத்தில் சரியாக அந்த மூலையைச் செல் அரித்திருந்தது. அவர்களுக்கும் பள்ளம் வெளியே இருந்தது தெரியும். தினமும் அந்த வழியாகப் போனவர்கள்தானே. ஆனால் மில்காரர் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே ஒரு நிபுணரிடம் விடுவது என்று முடிவு செய்தார்கள். நிபுணர் எங்கள் எஞ்சினியர்.

நிபுணர் போய்ப் புதுச்சுவரை மூன்று முறை அளந்தார். சுவர் எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஆனாலும் அளந்தார். அதற்குள் மில்காரர் ஒரு போட்டோவைக் கொடுத்தனுப்பினார். சில வருஷம் முன்பு மில்லுக்கு முதல் லாரி வாங்கியபோது எடுத்தது. மாலை போட்ட லாரி. அதற்குப் பின்னால் விளக்குக் கம்பம். கம்பத்துக்குப் பின்னால் கிடுகு. கிடுகுக்கு மேலே எண்ணெய் விளம்பரம் எழுதிய பழைய சுவர். எஞ்சினியர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒட்டித்தான் இருக்கு. கம்பம், கிடுகு, சுவரு, மூணும் ஒரே இடத்துல இருக்கு."

"சார், ஒரே இடத்துல நின்னு எடுத்த படத்துல எல்லாமே ஒட்டித்தான் தெரியும்" என்றேன். "அதே கம்பத்து உச்சியில பாருங்க, வானமும் ஒட்டியிருக்கு. வானமும் அந்த இடத்துலதான் இருக்கா?"

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அறுக்கிறது உங்க அண்ணன். அதனால உனக்கு அப்பிடித்தான் தெரியும். ரெண்டு கண்ணு உள்ளவன் நான் பார்த்துக்கிறேன்."

அந்த வாரமே ஒரு பெரிய செட்டியார் வீட்டில் குளியலறை கூட்டிக் கட்டுவதற்குப் படம் வரைய என்னை அனுப்பினார்கள். குளியலறைக்கு ஒற்றைக்கண் போதும் போலிருக்கிறது. அந்த வீட்டு ஆச்சி கணவரோடு பினாங்கில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஐம்பது வயது இருக்கும். கையில் சாவி கொடுத்து ஓடும் சின்ன சினிமா கேமரா ஒன்று வைத்திருந்தார். ஊரில் அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு. ஆச்சி எடுக்கிற படத்தில் ஆள் நிற்காது, ஊர்தான் ஓடும் என்பார்கள். கார் ஜன்னல் வழியாகவே எடுப்பார். சொந்த மகன் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை முகத்தை விட்டுவிட்டு ஊர்வலத்தோடு வந்த வீட்டு வாசல்களை எடுத்தார் என்று மகனே குறைபட்டுக்கொள்வாராம்.

குளியலறைச் சுவரை நான் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, எதுக்குத் தலைய ஆட்டுறீக?" என்றார் ஆச்சி.

சொன்னேன். பொதுவாக இதைச் சொன்னால் ஐயோ பாவம் என்று ஒரு முகம் வரும். ஆச்சிக்கு வரவில்லை.

"அதுக்குத்தான் நான் ஓடுற காருலருந்து எடுக்கிறேன். நின்னு எடுத்தா வீடெல்லாம் அட்டையில வெட்டி வச்ச மாதிரி இருக்கு. ஓடுனாத்தான் எது முன்ன, எது பின்னன்னு தெரியுது. இந்த ஊருல எவனுக்குச் சொன்னா விளங்குது?"

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன். "ஆச்சி, கோவிலூர் ரோட்ட எப்பவாவது எடுத்தீகளா? எண்ணெய் மில்லுப் பக்கம்?"

"பொங்கலன்னைக்குக் கோயிலுக்குப் போகையில எடுத்தேன். ரெண்டு வருசம் இருக்கும். எந்தப் பக்கத்து ஜன்னலு?"

"போகையில இடது பக்கம்."

"இருக்கு."

படச்சுருள்கள் எல்லாம் பிஸ்கட் டின்களில், மேலே சீட்டு ஒட்டி, வரிசையாக இருந்தன. எங்கள் அலுவலகத்துக் கோப்புகளை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. சாமான் அறையின் கதவைச் சாத்திவிட்டால் பகலிலும் நல்ல இருட்டு. ஆச்சி படம் காட்டும் இயந்திரத்தை ஓட்ட, வெள்ளைச் சுவரில் படம் விழுந்தது. பொங்கல் என்பதால் அறுப்பு வேலை இல்லை, ஆளும் இல்லை. கிடுகு பள்ளத்தை மறைத்திருந்தது. அந்த போட்டோவில் இருந்த அதே காட்சிதான். ஆனால் கார் ஓடியது. ஓடியதும் விளக்குக் கம்பம் சட்டென்று பறந்து போனது. அதற்குப் பின்னால் சுவரில் எழுதியிருந்த எண்ணெய் விளம்பரம் நிதானமாக நடந்து போனது. மில்லின் புகைபோக்கி இன்னும் மெதுவாக நகர்ந்தது. சுவர் முடிகிற வெட்டவெளியில் கண்மாய்க் கரைப் பனைமரங்கள் அப்படியே நின்றன. கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அறை அளவு இடம் இருந்தது. கிடுகு மறைத்தும் அது மறையவில்லை.

"திரும்பப் போடுங்க ஆச்சி" என்றேன். ஏழெட்டு முறை போட்டார்.

மறுநாள் கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன். அந்த இயந்திரத்தில் படத்தை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் சூட்டில் படம் கருகாமல் இருக்க ஒரு கம்பி வலை விளக்கின் முன்னால் வந்து விழும். படம் மங்கிவிடும். மங்கலில் பென்சிலால் புள்ளி வைப்பேன். கம்பம் எங்கே, விளம்பரத்தின் முதல் எழுத்து எங்கே, புகைபோக்கி எங்கே, பனை எங்கே. பிறகு சுருளை மூன்று படம் தள்ளி நிறுத்தி மறுபடி நான்கு புள்ளி. பனை அரை மைல் தூரத்தில் இருக்கிறது. கார் நாலடி நகர்ந்தால் அது நகரவே கூடாது. நகர்ந்திருந்தால் அது ஆச்சியின் கை அசைந்தது. அந்த அளவை மற்ற மூன்றிலும் கழித்துவிட வேண்டும்.

"என் கையா நடுங்குது?" என்றார் ஆச்சி. "ரோடு போட்டவனைச் சொல்லுங்க."

கழித்த பிறகு கம்பம் ஐம்பத்தெட்டுக் கட்டம் ஓடியிருந்தது. புகைபோக்கி பதினாலரை, அதில் நான்கில் ஒரு பங்கு. அதாவது கம்பத்தைப் போல நான்கு மடங்கு தூரத்தில் புகைபோக்கி. மில்லின் கொட்டகைக்கு மின்சாரம் இழுக்க வரைபடம் வரைந்தவன் நான்தான்; அதில் சுவரைக் குறிக்கவில்லை, கம்பம் இருந்தது. கம்பத்திலிருந்து புகைபோக்கி அறுபது அடி என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் காரிலிருந்து கம்பம் இருபது அடி, புகைபோக்கி எண்பது. சுவர் எழுத்து நாற்பது கட்டம் ஓடியிருந்தது. இருபதை ஐம்பத்தெட்டால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் இருபத்தொன்பது. கம்பத்திலிருந்து பழைய சுவர் ஒன்பது அடி தள்ளி இருந்திருக்கிறது. இன்றைக்கு ஒன்றரை அடி. வேறு வேறு படங்களை வைத்து மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அரை அடி முன்னே பின்னே வந்தது. அதற்கு மேல் மாறவில்லை.

ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வகுத்தலையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏன் கழிக்கிறீக, ஏன் வகுக்கிறீக என்று இரண்டே கேள்வி. எஞ்சினியரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சினிமாவ அளந்துட்டு வந்திருக்கியா?"

அன்று மாலைக்குள் மில்காரர் வரை அந்தச் சிரிப்பு போய்விட்டது. நான் ஆச்சியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நான்கு பெரியவர்களையும் எஞ்சினியரையும் மில்காரரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் மறுக்க முடியாது. உண்மையைத் தெரிந்துகொள்ள வந்தவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். பலகாரம் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு ஆச்சி படத்தை ஓடவிட்டார். முதல் முறை ஓடியபோது சாலையில் நின்ற மாடு யாருடையது என்று பேசினார்கள். இரண்டாம் முறை, ஒரு பெரியவர் தம்முடைய மருமகன் சைக்கிளில் போவதைக் கண்டுபிடித்தார். மூன்றாம் முறை ஓடும்போது ஆச்சி ஒரு கம்பை எடுத்துச் சுவரில் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கம்பத்தப் பாருங்க. இப்ப இந்த எழுத்தப் பாருங்க."

"ஓடுற காருல எல்லாம் ஓடத்தான் செய்யும் ஆச்சி" என்றார் மில்காரர்.

"எல்லாம் ஒண்ணா ஓடலையே. கம்பம் பறக்குது, உங்க சுவரு நடக்குது. ஒட்டி இருந்தா ரெண்டும் ஒண்ணாப் போயிருக்கணும்ல?"

பெரியவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பலகாரம் தீர்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான்கு பேரும் பார்த்தார்கள். தெரிந்த விஷயத்தைத் தெரிந்ததாக ஒப்புக்கொள்ள அவர்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அது சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, எத்தன அடி?" என்றார் ஆச்சி என்னைப் பார்த்து.

"கம்பத்துலருந்து ஒன்பது அடி. அரை அடி கூடக் குறைய இருக்கலாம்."

"அங்க தோண்டிப் பாக்கட்டும். பழைய சுவரோட அஸ்திவாரக் கடைக்கால் இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல."

மில்காரர் சிரித்தார். பழைய சுவரின் கல்லையெல்லாம் பெயர்த்தெடுத்துவிட்ட தைரியம் அவருக்கு. "தாராளமாத் தோண்டுங்க" என்றார்.

மறுநாள் காலை ஒரு வயசான கொத்தனாரை வைத்துப் புதுச்சுவருக்கு உள்ளே தோண்டினார்கள். இரண்டடி ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. கொத்தனார் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் துழாவினார். செம்புராங்கல் சில்லும் சுண்ணாம்புமாக ஒரு பட்டை, சாலைக்கு இணையாக நீண்டு போனது. கல்லை எடுத்தவர்கள் அதன் அடியை எடுக்க மறந்திருந்தார்கள். கொத்தனார் கம்பத்திலிருந்து நாடாவைப் பிடிக்கச் சொன்னார். எட்டு அடி ஒன்பது அங்குலம்.

"பழைய சாக்கடையா இருக்கும்" என்றார் மில்காரர்.

"சாக்கடைக்கு எவன் இப்பிடிக் கடைக்கால் போடுவான்?" என்றார் கொத்தனார்.

எங்கள் எஞ்சினியர் குழிக்கு மேலே நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு முதல்லேயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். அதை எல்லோரும் கேட்டார்கள். என்னைத் தவிர யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில், ஓடும் படத்தைக் கொண்டு நிலம் அளக்கிற தம்முடைய முறையைப் பற்றி அவர் கூட்டங்களில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். ஆச்சியிடம் போய் அந்தச் சுருளை அலுவலகத்துக்குத் தரும்படி கேட்டாராம். ஆச்சி அவரை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இத்தோடு சுவர் இடிந்து, பள்ளம் திரும்பக் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நான்கு பெரியவர்களும் கூடினார்கள். கடைக்கால் கிடைத்தது உண்மை, படம் உண்மை, எல்லாம் உண்மை. ஆனால் சுவர் எழும்பிவிட்டதும் உண்மை. ஆகவே இரண்டு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். மில்காரர் சுவரைத் தள்ளி, கம்பத்திலிருந்து ஐந்து அடி விட வேண்டும். அண்ணன் ஆட்கள் மீதியைப் பற்றிப் பேசக் கூடாது. திருடியவன் நாலடியை வைத்துக்கொள்ள, திருட்டுக் கொடுத்தவன் பெருந்தன்மை காட்டினான். மில்காரரின் தாராள மனசை ஒரு பெரியவர் பாராட்டிப் பேசியதை என் காதால் கேட்டேன்.

ஆச்சிக்குச் செய்தி போனபோது, "நான் எடுத்த படத்துல ஒன்பது அடிதான் இருக்கு. அஞ்சு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டாராம்.

ஐந்து அடியில் பெரிய மரத்தை உருட்டித் திருப்ப முடியாது. அண்ணன் ஆட்கள் ஆறு மாதம் சின்னக் கட்டைகளாக அறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஊருக்கு வெளியே வாடகைக்கு ஓர் இடம் பிடித்துப் போய்விட்டார்கள். அந்த ஐந்தடியில் மில்லின் லாரி டயர்கள் அடுக்கப்பட்டன.

மற்றவர்களைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதியவன் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சமரசத்துக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. எஞ்சினியர் என் மேஜையில் எண்களை வைத்துவிட்டுப் போனார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாத ஒற்றைக்கண்ணனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற பயம். வரைந்தேன். கம்பத்துக்கு ஒரு சின்ன வட்டம், சுவருக்கு இரட்டைக் கோடு, நடுவே ஐந்து அடி. என் வழக்கப்படி எழுத்துகளை நிதானமாக, ஒரே உயரத்தில் எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நகலை அண்ணனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அதை விரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எதுடா சுவரு?"

தொட்டுக் காட்டினேன்.

"நீ எழுதினதா?"

"ஆமா."

அந்த இரட்டைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு தாளை மடித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு" என்றார்.